ஏழு புள்ளி இரண்டு

ரேணுகாம்பாளிடம் ஒரு தடவையாவது கையை நீட்டாத குடும்பம் திருவண்ணாமலையில் இருக்கிறதென்றால், அது போன வாரம் குடிவந்த குடும்பமாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறியதும் வலதுபக்கம், ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். பத்தொன்பது வருஷமாக அங்கே அவள்தான் ஊசி. நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள். ஆள்காட்டி விரலால் தடவிப் பார்ப்பாள். உங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்தாச்சா என்று கேட்பாள், நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிடுவாள். பிறந்தது அடி அண்ணாமலை. படவேட்டு அம்மன் பெயரை வைத்து, வேலூருக்கு அனுப்பி லேப் படிப்பு படிக்க வைத்தார் விவசாயியான அப்பா. கல்யாணம் ஆகி இப்போது வேங்கிக்காலில் வீடு. நாற்பத்திரண்டு வயது. கொஞ்சம் வாய்த்துடுக்கு, நிறைய ரோஷம்.

அந்த ரோஷத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய அடி விழுந்தது.

அப்பாசாமி என்று ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். நூல் மாதிரி நரம்பு. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கைய மூடித் தொறங்க சார், மூடித் தொறங்க" என்று இரண்டு நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊரில் எல்லா லேபிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசியில் நரம்பு கிடைத்தது. சின்ன ஊசி வழியாக ரத்தத்தை வேகமாக இழுத்தாள். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது.

ஐந்தைத் தாண்டினாலே டாக்டர்கள் நிமிர்ந்து உட்காரும் விஷயம் இது. பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும். அப்பாசாமியைக் காரில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள், வழியெல்லாம் வீட்டு அம்மா அழுதுகொண்டே. அங்கே புதிதாக எடுத்துப் பார்த்தால் நாலு புள்ளி இரண்டு. மனிதர் குத்துக்கல்லாட்டம் இருந்தார். கெட்டிருந்தது ரேணுகாம்பாள் எடுத்த ரத்தம்தான். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளேதான் குடியிருக்கிறது. கையை மூடி மூடித் திறந்தால் தசை அதைக் கக்கும். ரத்தத்தை முரட்டுத்தனமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து அதுவும் கொட்டும். உடம்பில் இல்லாத நோய் ஊசிக்குழாயில் பிறக்கும்.

மறுநாள் அப்பாசாமியின் மகன் வந்து, பதினாலு பேர் உட்கார்ந்திருக்க, ரிப்போர்ட்டை அவள் முகத்துக்கு நேரே வீசினான். "ரத்தம் எடுக்கவே தெரியாதவங்களுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு ஒரு கேடா?" லேப் முதலாளி பலராமன் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா எனக்கு வேற வழி இல்லம்மா."

அன்றோடு கையை மூடச் சொல்வதை விட்டாள். ரப்பர் பட்டை கட்டினால் ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்ப்பாள். வேலை சுத்தமானது. பெயர்தான் திரும்ப வரவில்லை. எந்த டாக்டருக்கு அவள் போன் செய்தாலும் முதல் கேள்வி, சாம்பிள் சரியா இருக்கா என்பதுதான். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

இந்தப் பங்குனிப் பௌர்ணமி அன்று காலை ஏழு மணிக்குக் காசி வந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர், ஐம்பத்தெட்டு வயது. சொந்தம் இல்லை, ஆனால் அவளுக்கு அவர் சின்ன வயதிலிருந்தே அண்ணன். சுகர் பன்னிரண்டு வருஷமாக, பிரஷர் ஆறு வருஷமாக. டவுனுக்கு இளநீர் லோடு எடுக்க வந்தவர், டாக்டர் தேவிப்ரியா போன வாரமே எழுதிக் கொடுத்திருந்த சீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"கால்ல பலமே இல்ல தங்கச்சி. படி ஏறுறப்போ தூக்கி வெக்க முடியல. ஆனா பிரஷர் மட்டும் சும்மா ஜம்முனு கீது. நூத்தி இருவதுக்கு எம்பது. டாக்டரம்மாவே கை குடுத்தாங்க."

ஒரே குத்தில் எடுத்தாள். அவர் கையை விரித்தே வைத்திருந்தார். குழாயில் நேரத்தை எழுதினாள், ஏழு பத்து. அரை மணிக்குள் சுழற்சி மெஷினில் போட்டுத் தெளிந்த நீரைப் பிரித்தும் விட்டாள். பௌர்ணமிக் கூட்டம் தொடங்குவதற்குள் பாதை போய்ச் சேரவேண்டும் என்று காசி ஓடினார். ரிப்போர்ட்டை மறுநாள் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

பதினொன்றரைக்கு மெஷின் எண்களைத் துப்பியது. நாலு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி நாலு. அடுத்தது காசி. ஏழு புள்ளி இரண்டு.

ரேணுகாம்பாளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது காசி அல்ல, முகத்துக்கு நேரே பறந்து வந்த அந்தக் காகிதம்தான். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை, அவளும் மனுஷிதான். குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அணு உடைந்திருந்தால் நீர் ரோஜா நிறத்தில் இருக்கும். இது தெளிந்த வெளிர்மஞ்சள். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மாதிரித் திரவத்தை ஓட்டினாள்; சரியாகவே காட்டியது. காசியின் ரத்தத்தை மறுபடி ஓட்டினாள். ஏழு புள்ளி மூன்று. பக்கத்திலேயே கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்று என்றிருந்தது. சிறுநீரகம் களைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

காசியின் போனுக்கு ஐந்து தடவை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அடுத்து டாக்டர் தேவிப்ரியாவுக்கு அடித்தாள்; அவர் எடுத்தார்.

"மேடம், ரேணுகாம்பாள் பேசறேன். உங்க பேஷண்ட் காசிக்கு பொட்டாசியம் ஏழு புள்ளி ரெண்டு வருது."

"சாம்பிள் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம். ரெண்டு தடவ ஓட்டிட்டேன்."

"அன்னிக்கு அப்பாசாமி சாருக்கும் இப்படித்தான் சொன்னீங்க. காசிய போன வாரம்தான் நான் பாத்தேன், பிரஷர் அருமையா இருந்துது. ஆள வரச் சொல்லி புதுசா எடுத்து ரிப்பீட் பண்ணிட்டு கூப்பிடுங்க. நான் உள்ள ஒரு கேஸ்ல இருக்கேன்."

பலராமனிடம் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாகக் கீழே நெருக்கியடித்துப் போகும் கூட்டத்தைப் பார்த்தார். "பௌர்ணமி பொறந்தாச்சு. மத்தியானத்துக்கு மேல ஒரு வண்டி போவாது. நாளைக்கு வரச் சொல்லிக்கலாம்மா. மறுபடியும் வம்ப வெலைக்கு வாங்காத."

நாளைக்கு. இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் அடி அண்ணாமலைக்காரர்கள் அல்ல. ரேணுகாம்பாளுக்குத்தான் ஒரு விஷயம் தெரியும், ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பௌர்ணமி அன்று காசி சோறு தொடமாட்டார். விரதம். காலையிலிருந்து ராத்திரி வரை, வாயில் கீறல் விழுந்தது, காம்பு கழன்றது, அடிபட்டது என்று விற்காமல் நிற்கும் இளநீரை வெட்டி வெட்டிக் குடித்தே பொழுதை ஓட்டுவார். முப்பது வருஷப் பழக்கம். இளநீரில் இருப்பதெல்லாம் பொட்டாசியம்.

பிரஷர் மாத்திரை செய்கிற காரியமும் அவளுக்குத் தெரியும். உடம்பில் பிரஷர் இறங்கினால் சிறுநீரகத்துக்கு ஒரு உத்தரவு வரும்: உப்பையும் தண்ணீரையும் விடாதே, பொட்டாசியத்தை வெளியே தள்ளு. காசி தினமும் போடுகிற மாத்திரை அந்த உத்தரவை நடுவழியில் மடக்கிவிடும். உப்பும் தண்ணீரும் வெளியேறும், பிரஷர் அடங்கும். கூடவே பொட்டாசியம் உள்ளே தங்கும். திடமான சிறுநீரகம் என்றால் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் சுகர் அரித்த சிறுநீரகம் என்ன செய்யும்? பிரஷர் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் கை குலுக்கினார்களே, அதே மாத்திரைதான் ஆளை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஏழு புள்ளி இரண்டு காலை ஏழு மணி ரத்தம். அவர் இன்றைக்கு இன்னும் ஒரு இளநீர்கூடக் குடிக்காதபோது எடுத்தது. இப்போது மணி பன்னிரண்டு.

கோட்டைக் கழற்றி மாட்டி, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். "சார், நான் போறேன். தப்பா இருந்தா நாளைக்கு வேலைக்கு வரல" என்றாள். பலராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

ஸ்கூட்டியில் சந்துக்குள் சந்தாகப் புகுந்து, கிரிவலம் முடியும் பக்கத்தில் குபேர லிங்கத்துக்கு அருகே வரைக்கும் போனாள். அங்கே தடுப்பு. ஸ்கூட்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினாள். நிறுத்தியவள் செருப்பையும் கழற்றி வண்டிக்குள் போட்டாள். உயிர் போகிற அவசரம்தான், ஆனால் பௌர்ணமி அன்று மலைப் பாதையில் செருப்புக் காலோடு நின்றதே இல்லை, கால் தானாகக் கழற்றியது. பங்குனி வெயில், தார் ரோடு.

மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றவேண்டும். மற்ற நாளில் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எந்தப் பக்கமும் போவார்கள் வருவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கான ஜனம் ஒரே திசையில் நடந்துகொண்டிருக்க, அதற்கு எதிரே நடப்பது வேறு விஷயம். அடி அண்ணாமலையில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் சரியான திசையில் போனால் மலையையே சுற்றவேண்டும், மூன்று மணி நேரம். இப்படிப் போனால் அரை மணி.

இடப்பக்கம் மலையை வைத்து நடக்கத் தொடங்கினாள்.

"எம்மா, எதிர்ல வரக்கூடாதும்மா!" என்றார் திருநீறு பூசிய ஒரு பெரியவர். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவன் முழங்கையால் இடித்தான். "படிச்சவங்களாட்டம் கீறீங்க, இது தெரியாதா?" என்று ஒருத்தி நின்று கேட்டாள். போலீஸ்கார அம்மா ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, திரும்பும்படி சொன்னார்.

"ஒருத்தரு உயிருங்க மேடம். விடுங்க."

முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். ரேணுகாம்பாள் ரோட்டோரமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். உள்ளங்கால் கொதித்தது. வழியெல்லாம் அவள் மனசுக்குள் ஓடியது ஒரே வேண்டுதல்: அண்ணாமலையாரே, என் நம்பர் சரியா இருக்கட்டும். இன்னொரு தடவை என்னைத் தலைகுனிய வைக்காதே.

அடி அண்ணாமலைக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில், காசியின் வண்டி. சுற்றிலும் ஆள். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தது காசி இல்லை, அவர் மனைவி கன்னியம்மாள். காசி பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் அவர் அருவாளை அடுத்தவர் கையில் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"அட, ரேணு! இன்னா வெயில்ல ஓடியாற? கன்னியம்மா, தங்கச்சிக்கு ஒரு எளநி வெட்டு."

"எத்தினி குடிச்சீங்கண்ணே?"

"இன்னா எத்தினி? நாலோ அஞ்சோ. வெரதமாச்சே."

"சாப்பாட்டுல உப்பு?"

கன்னியம்மாள் பெருமையோடு முந்திக்கொண்டாள். "உப்பா? ஆறு மாசமா எங்க வூட்ல பிரஷர் உப்புதான். எங்க பொண்ணு கவிநிலா மெட்ராஸ்லேர்ந்து பாக்கெட் பாக்கெட்டா வாங்கியாருது. ருசி கம்மியா கீதுன்னு இவுரு ரெண்டு பங்கு ஜாஸ்தியா போட்டுக்குவாரு. நல்லதுதானே, ஒண்ணும் பண்ணாதுன்னாங்க."

சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் போட்ட உப்பு. சாதாரண ஆளுக்கு நல்லது. மகள் அப்பா மேல் வைத்த பாசத்தில் வாங்கியது. ரேணுகாம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாத்திரை, உப்பு, இளநீர் என்று மூன்று நல்லதும் ஒரே ஆள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

"அண்ணே, எழுந்திருங்க. அதோ நிக்குதே, அந்த ஆம்புலன்சுக்குப் போலாம்."

"போம்மா. ஆம்புலன்ஸ்காரன் இப்பத்தான் சும்மா பிரஷர் பாத்தான். நார்மல்னுட்டான். நல்லாத்தான் கீறேன், கொஞ்சம் அசதி. யாவார நேரத்துல ஆள இழுக்காத."

"பிரஷர் நல்லாதாண்ணே கீது. ரத்தம் நல்லா இல்ல."

ஐம்பதடி தள்ளி நின்ற நூற்றியெட்டு வண்டியிலிருந்து முருகவேல் என்கிற பையன் இறங்கிவந்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். "நூத்தி பதினெட்டுக்கு எழுபத்தாறுக்கா. நார்மல்தானே? இந்தக் கூட்டத்துல வண்டிய எடுத்தா அப்புறம் திரும்பி வர முடியாது. வேற யாருக்காவது ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. ரேணுகாம்பாள் ரிப்போர்ட்டை நீட்டினாள். "மானிட்டர் மட்டும் போட்டுப் பாருப்பா. நல்லா இருந்தா நான் போயிடறேன். என்னத் திட்டிக்கோ."

காசியை எழுப்பி நிறுத்தினார்கள். முழங்கால் மடங்கியது. சிரித்துக்கொண்டே எழுந்தவர் சிரிப்பு மாறாமலே கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குள் படுக்க வைத்தார்கள். முருகவேல் மார்பில் வயர்களை ஒட்டினான். திரையில் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.

ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் சின்ன மேடாக எழுந்து அடங்கவேண்டிய அலை, கூரான கூடாரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நடுநடுவே இடைவெளி நீண்டது. பொட்டாசியம் இதயத்தைப் பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். துடிப்பு நாற்பத்தாறு.

முருகவேல் போனை எடுத்தான். "அக்கா, ஏறுங்க" என்றான். அவ்வளவுதான்.

வழியெல்லாம் தன் நம்பர் சரியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள், அந்தக் கோட்டைப் பார்த்த நொடியில் மனசு மாறிப்போனாள். தப்பாக இருக்கட்டும். நான்தான் கெடுத்தேன், எனக்குத்தான் ரத்தம் எடுக்கத் தெரியவில்லை என்று ஆகட்டும். அப்பாசாமி மகன் மறுபடி வந்து வீசட்டும். இந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து இளநீர் வெட்டினால் போதும். காசியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் திரையையே பார்த்தாள். ஜனம் விலகி விலகி வழி விட்டது. வண்டி ஊர்ந்தது. கன்னியம்மாள் வாய் ஓயாமல் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

துடிப்பு நாற்பதுக்கு வந்தபோது பெரிய ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. முருகவேல் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் ஆள் தயாராக நின்றார்கள். கால்சியம் ஊசியை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை மட்டும் கொஞ்ச நேரம் காப்பாற்றி வைக்கும். ரேணுகாம்பாள் சுவரோரம் நின்று பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் கூடாரங்களின் உச்சி கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். குளுக்கோஸோடு இன்சுலினை ஏற்றினார்கள். வெளியே திரிகிற பொட்டாசியத்தை அது செல்லுக்குள் திரும்பத் துரத்தும். அங்கே எடுத்த ரத்தத்தின் கணக்கு வந்தது. ஏழு புள்ளி எட்டு.

அவள் சொன்னது சரி. சந்தோஷப்படவேண்டிய இடம்தான். அவள் வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதாள்.

நாலு மணிக்கு டாக்டர் தேவிப்ரியா அழைத்தார். "அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேன். எளநியும் உப்பும் எனக்குத் தெரியாமப் போச்சு ரேணுகாம்பாள். நான் கேட்டிருக்கணும். உங்களையும் நம்பியிருக்கணும்." பலராமனும் கூப்பிட்டார். நாளைக்கு வேலைக்கு வருவாள்தானே என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிக்குக் காசி தெளிவாகக் கண் திறந்தார். என்ன நடந்தது என்று கன்னியம்மாள் மூச்சுவிடாமல் சொல்ல, பாதியில் அவர் பார்வை ரேணுகாம்பாளின் காலில் போய் நின்றது. உள்ளங்கால் ஓரமெல்லாம் கொப்புளம் கட்டியிருந்தது.

"செருப்பு இன்னா ஆச்சு?"

"பௌர்ணமில மலையில எப்படிண்ணே செருப்பு போடறது?"

"எந்தப் பக்கமா வந்த?"

அவள் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காசியே யோசித்தார். லேபிலிருந்து அவ்வளவு சீக்கிரம் அடி அண்ணாமலைக்கு வர ஒரே வழிதான் உண்டு.

"எதிர்லயா வந்த?" குரல் உடைந்தது. "பௌர்ணமி அன்னிக்கு, எதிர்ல? எனக்கோசரமா?"

"வேற வழி இல்லண்ணே. சாமிக்குத் தெரியாதா?"

காசி மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் வழிந்த நீரைத் துடைக்கக் கையைத் தூக்கினார்; கைக்கு இன்னும் தெம்பு வரவில்லை, கன்னியம்மாள் முந்தானையால் துடைத்தாள்.

"முப்பது வருஷமா அந்தப் பாதையிலதான் ஒக்காந்துனு கீறேன் ரேணு. ஒரு பௌர்ணமிக்குக்கூட நான் மலையச் சுத்துனது இல்ல. யாவாரம் போயிடுமேன்னு. சுத்தறவங்களுக்கு எளநி வெட்டுனதோட சரி." மூச்சு வாங்கினார். "அடுத்த பௌர்ணமிக்குக் கட போடல. ஒனக்கோசரம் ஒரு சுத்து நான் நடக்கறேன். நீ எதிர்ல வந்தது அதுல நேராயிடட்டும்."

ரேணுகாம்பாள், அடுத்த வாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரவேண்டும் என்றாள். நடக்கும்போது தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கொப்புளக் காலோடு மெல்ல எழுந்து, ஸ்கூட்டியை எடுக்கப் போனாள்.